மூக்குக் கதிரை

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி, சேலை கருகியதால் கிடைத்தது.

அப்போது நான் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் ஒரு வாசனை எண்ணெய்க் கம்பனியில் கிளார்க். சவர்க்காரத்துக்கும் ஊதுபத்திக்கும் தரை கழுவுகிற திரவத்துக்கும் போடும் வாசனைகளை அங்கே கலந்து பீப்பாய்களில் அனுப்புவார்கள். வருகிற பீப்பாய்க்கும் போகிற பீப்பாய்க்கும் நம்பர் எழுதுவது என் வேலை. உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கையும் கிடையாது, முதுகும் கிடையாது. ஒருநாள் காலையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் இஸ்திரிப்பெட்டி சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டது. மாற்றினால் பஸ் போய்விடும். கருகின மூலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். கம்பனிக்குள் காலை வைத்ததும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. ஏதோ கருகுதே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கருகினது என் இடுப்பில் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. அதற்குள் முதலாளி கலவை அறைக்குள் ஓடி, எண்ணெய் சூடாக்கும் அடுப்புக்குப் பின்னால் ஒரு வயர் உருகிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் கட்டடமே போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் முந்தானையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

முதலாளியை நாங்கள் ஹாஜியார் என்போம். கண்டி டவுனில் அத்தர் விற்ற குடும்பம். அவருடைய வாப்பா காலத்தில் விஞ்ஞானம் வேறு மாதிரி இருந்திருக்கிறது. புது அத்தர் வந்தால் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு, வாவியை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து முகர்ந்து பார்ப்பாராம். நடந்து முடிவதற்குள் பகட்டு வாசம் எல்லாம் பறந்துவிடும், கையில் மிஞ்சுவதுதான் சரக்கு. வாப்பாவுக்குப் பிறகு ஹாஜியாரும் வருடக்கணக்காக அப்படியே நடந்தார். பிறகு முழங்கால் போய்விட்டது. நடக்க முடியாதவரின் மூக்கை அவரே நம்பவில்லை. வேறு மூக்கு ஒன்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் முந்தானை கருகியது.

"தங்கச்சி, ஒங்கட மூக்கு சும்மா மூக்கு இல்ல" என்றார். அடுத்த வாரம் ஸ்டூல் போய், கை வைத்த சுழல் கதிரை வந்தது.

அந்தக் கதிரையை நீங்கள் லேசாக நினைக்கக்கூடாது. நான் கல்யாணமாகாதவள். அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். அதுவரைக்கும் அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் சாப்பிட்டேனா என்று யாருக்காவது தோன்றும். கதிரை வந்த பிறகு அண்ணன் மீன் வாங்கி வந்தால் பையைத் திறந்து முதலில் என் மூக்குக்கு நீட்டுவான். நான் ம் என்றால்தான் அண்ணி கத்தியை எடுப்பாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷிக்குக் கிடைத்த மரியாதை அது, மீன் வழியாக வந்தாலும்.

நான் ஏமாற்றுக்காரியும் இல்லை. பதவி வந்த பிறகு ராப்பகலாய்க் கற்றேன். கறுவா இலை எண்ணெய்க்கும் கறுவாப் பட்டை எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம், பழைய கராம்பு எண்ணெய், தண்ணீர் கலந்த சேரைப் புல் எண்ணெய், எல்லாம் மூன்று வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, நான் மணந்தேன்.

இந்த நேரத்தில் கம்பனிக்குள் விஞ்ஞானம் வந்தது. பேராதனையில் குடியிருந்த ஓய்வுபெற்ற இரசாயன விரிவுரையாளர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஆலோசகராக வந்தார். நாங்கள் சேர் என்போம். வெளிநாட்டில் வாசனைகளுக்கு ஒரு சக்கரம் வரைந்து வைத்திருக்கிறார்களாம். அதில் உள்ள பூக்களில் பாதியை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பாஷையில்தான் சொன்னேன். இது புது அலுமாரி. இது கல்யாண வீட்டுக்கு அடுத்த நாள். இது மழைக்கு முந்தின குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட். ஹாஜியார் நெளிந்தார். சேர் மட்டும் "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று அத்தனையும் எழுதிக்கொண்டு போய் ஒரு சக்கரமாக வரைந்து, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது. நடுவில் 'பொது', ஓரத்தில் 'மாமியார் வீட்டு அலுமாரி'.

பிறகு கொரோனா வந்தது. எல்லாருக்கும் வந்த மாதிரி எனக்கும் வந்தது. எல்லாருக்கும் போன மாதிரி எனக்கும் போனது, மூக்கையும் எடுத்துக்கொண்டு.

காய்ச்சல் விட்ட காலையில் சோப்பை முகத்துக்கு அருகே கொண்டுபோனேன். எங்கள் கம்பனி வாசனை போட்ட சோப்பு, நானே சரி சொல்லி அனுப்பியது. கல்லை முகர்ந்த மாதிரி இருந்தது. மூன்று வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். மூன்று மாதம் ஆயிற்று. மல்லியும் இஞ்சியும் போட்டு ஆவி பிடித்தேன். பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். ஐயர் கற்பூரத் தட்டை நீட்டினார், சூடு மட்டும்தான் வந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பள்ளிக்கூடத்தில் என்னை ஏசாத டீச்சர் கிடையாது. அந்த டீச்சர்மார் எல்லாரும் சந்நிதியில் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சோறு கடதாசி மாதிரி இருந்தது. என் சேலை என் சேலை மாதிரி இல்லை. அதைவிடப் பெரிய பயம், கதிரை போய்விடும் என்பது. அது போனால் ஸ்டூல். ஸ்டூலில் இப்போது வேறு ஒரு பிள்ளை இருந்தாள். அதனால் ஸ்டூலும் இல்லை.

ஆகவே யாருக்கும் சொல்லவில்லை.

கலவை அறையில் இருபது வருடமாக எண்ணெய் கலக்கிறவர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மிக்ஸிங் அண்ணன். வாய் பேசாத மனுஷன், ஆனால் முகம் மறைக்கத் தெரியாதது. கலவையில் தோய்த்த காகிதப் பட்டியை என்னிடம் நீட்டிவிட்டு எதிரில் நிற்பார். சரக்கு சரியாக இருந்தால் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி அமைதியாக இருக்கும். கோளாறு என்றால் கண் வாசல் பக்கம் ஓடும். நான் பட்டியை மூக்கருகே வைத்து, கண்ணைப் பாதி மூடி, இமைக்குள்ளால் அவரைப் பார்ப்பேன். தட்டு என்றால் போகலாம் என்பேன். வாசல் என்றால், அடியில் ஏதோ உறுத்துதே அண்ணன், திரும்பப் பாருங்க என்பேன். அவர் போய்த் திரும்ப அளந்து கலந்துவிட்டு வருவார். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரு பீப்பாய்கூடத் திரும்பி வரவில்லை. மூக்கு இருந்த காலத்திலாவது ஒன்றிரண்டு வந்திருக்கிறது.

அடுத்து சேர் ஒரு குழு அமைத்தார். ஒரு மூக்கை விஞ்ஞானம் ஏற்காதாம், ஐந்து வேண்டுமாம். நான், டிரைவர், கேட் காவலாளி, ஸ்டூல் பிள்ளை, தேத்தண்ணி போடுகிற பெண். நீளமான மேசையில் வரிசையாக உட்கார்ந்து, குப்பிகளை முகர்ந்து, எது வித்தியாசம் என்று எழுத வேண்டும். நம்முடைய ஆட்களைத் தெரியாதா? பெரியவர் கை வைக்காமல் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். நால்வரும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் தாளையே பார்ப்பார்கள். குப்பி வைக்கிற மிக்ஸிங் அண்ணனின் முகத்தைப் பார்த்து நான் எழுதியதும் அவர்களும் எழுதுவார்கள். ஐந்து தாளிலும் ஒரே விடை. இப்படி ஒருமித்த குழுவை உலகத்தில் எங்கேயும் கண்டதில்லை என்று சேர் உருகிப் போனார். அந்த உருக்கத்தில் விஷயம் வெளிநாட்டு சோப்புக் கம்பனி ஒன்றுக்குப் போய்விட்டது. பெரிய ஓர்டர் தருகிறோம், ஆனால் குழுவை மறைப்பு வைத்துச் சோதித்து அறிக்கை அனுப்புங்கள் என்று எழுதினார்கள். ஐந்து பேருக்கு நடுவிலும் அட்டைப் பெட்டி மறைப்பு. மிக்ஸிங் அண்ணனுக்கு அறைக்குள் அனுமதி இல்லை.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பீப்பாய் முற்றத்தில் மிக்ஸிங் அண்ணனைப் பிடித்தேன். எனக்கு மூக்கு செத்து இரண்டு வருடம் ஆகிறது, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் காலம் தள்ளினேன், இப்போது நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை மெதுவாக மடித்தார்.

"எனக்கும் தெரியாதுங்க மிஸ்" என்றார். "இந்த எண்ணெய்க்குள்ள நின்னு நின்னு எனக்குப் போயி பத்து வருஷம் இருக்கும். நான் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் ஓட்டுறேன்."

அதைக் கேட்டு முதலில் கோபம் வந்தது. மனுஷன் என்னை ஏமாற்றிவிட்டாரே என்று. பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, இரண்டு வருடமாக நாட்டின் பாதி சோப்புக்கு இரண்டு முகங்கள் வாசனை பார்த்திருக்கின்றன. சிரித்து முடித்ததும் மறுபடி பயம் வந்தது. அப்படியானால் பீப்பாய்கள் எப்படிச் சரியாகப் போயின?

மறைப்பு விஷயம் மற்ற நால்வரையும் கலக்கியிருந்தது. மிஸ்ஸின் தாள் தெரியாமல் எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். டிரைவர்தான் வழி சொன்னார். மிஸ் இருமினால் போதும். ஒன்றாம் குப்பி என்றால் ஓர் இருமல், இரண்டு என்றால் இரண்டு.

சோதனை அன்று ஆளுக்கு மூன்று குப்பிகள். நான் மூன்றையும் முகர்ந்தேன், ஆஸ்பத்திரிச் சுவரை முகர்ந்த மாதிரி. யோசித்தேன். ஒரு தடவை இருமினால் யாருக்காவது கேட்காமல் போகலாம். மூன்று தடவை இருமினால் கொரோனா என்று எழுந்து ஓடிவிடுவார்கள். இரண்டு தடவை இருமினேன். ஐந்து தாளிலும் இரண்டு.

சேர் தாள்களைப் புரட்டினார். முகம் வெளுத்தது. மூன்று குப்பியிலும் ஒரே சரக்கைத்தான் அவர் ஊற்றியிருந்தார், எங்களைப் பிடிப்பதற்காக. முடிந்தது என்று கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் சேருக்கு வந்த சந்தேகம் எங்கள் மேல் இல்லை, தன் மேல். மறைப்புக்குப் பின்னால் இருந்த ஐந்து மூக்குகள் எப்படி ஒரே பிழையை விடும் என்று தனக்குள் முணுமுணுத்தார். குப்பிகளைப் பொத்திக்கொண்டு தெரிந்த ஒருவருடைய ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே ஒரு மெஷின், வாசனையைப் பிரித்து மலையும் பள்ளமுமாகத் தாளில் வரையுமாம். மூன்றாம் நாள், பிறந்த பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி அந்தத் தாளைக் கொண்டுவந்தார். இரண்டாம் குப்பிகளில் மட்டும் ஒரு சின்ன மேடு இருந்தது. என்ன என்று மெஷினுக்கே தெரியவில்லை.

"பாருங்கோ, மெஷினுக்கு முந்தி உங்கட மூக்குப் பிடிச்சிட்டுது" என்றார்.

ஓர்டர் வந்தது. ஹாஜியார் என் கதிரைக்கு வெல்வெட் குஷன் போட்டார். அண்ணன் வீட்டில் எனக்கு மீனின் நடுத்துண்டு வந்தது. அடுத்த வாரம் தேத்தண்ணி போடுகிற பெண் கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள். நாவலப்பிட்டிப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டாள்.

"மிஸ், அந்த மூணும் ஒண்ணுதானே? ரெண்டுல மட்டும் போத்தல் கழுவுற சோப்பு லேசா இருந்திச்சு. ரெண்டாம் நம்பர் அஞ்சையும் கடைசியாத்தான் கழுவினேன், சரியா அலசல. அதத்தான் கண்டுபிடிச்சீங்களோன்னு பயந்துட்டேன்."

மெஷின் மேடாக வரைந்ததை இவள் லேசாக இருந்தது என்கிறாள். கலவை அறைக்கும் நீதானே தேத்தண்ணி கொண்டுபோகிறாய் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எங்கே வைப்பாய்? உள்ளே மேசையில் வைப்பாளாம். எண்ணெய் சரியில்லாத நாளில் அந்த அறைக்குள் நிற்க ஏலாது, அதனால் ஜன்னலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவாளாம். மிக்ஸிங் அண்ணனிடம் ஓடினேன். அவர், ஜன்னலில் கோப்பை இருந்தால் காரணமில்லாமல் தனக்கு வயிற்றைக் கலக்கும் என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கலக்கம்தான் முகத்தில் தெரிந்தது. அதைத்தான் நான் படித்தேன். என்னை நால்வர் படித்தார்கள், நால்வரைச் சேர் படித்தார். கம்பனியில் மூக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தது.

அதே வாரம் அவள் முதலாம் திகதியிலிருந்து அடுத்த றோட்டில் இருக்கும் காமன்ட்ஸ் தையல் ஆலையில் சேரப்போவதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்று நாள் நான் யாரோடும் நன்றாகப் பேசவில்லை. அண்ணியிடம் எரிந்து விழுந்தேன். வாயை மூடிக்கொண்டால் குஷன் எனக்கு, ஆனால் அவள் போன பிறகு மிக்ஸிங் அண்ணனின் முகத்தில் ஒன்றும் இருக்காது, எனக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. வாயைத் திறந்தால் கதிரை அவளுக்கு. பயம் பாதி, வெட்கம் பாதி. எனக்கு அந்தக் கதிரை என்ன தந்தது என்று எனக்குத் தெரியும். அது அவளுக்குச் சேர வேண்டியது என்பதும் அதனாலேயே தெரிந்தது. நாலாம் நாள் ஹாஜியார் முன்னால் நின்று, சேரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு, முகம், இருமல், கோப்பை, கருகின முந்தானை உட்பட.

ஹாஜியார் என் கையைப் பிடிக்காத குறை. பெரிய வித்தை தெரிந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் தங்களைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்றார். சேர் மட்டும் யோசித்தார். சொல்லை விஞ்ஞானம் நம்பாது, அந்தப் பிள்ளையைச் சோதிப்பம் என்றார். சரியாக எழுதினால் கதிரை அவளுக்கே என்று ஹாஜியாரும் சம்மதித்தார். எனக்கு ஒரு நிபந்தனை. நான் அறையில் இருக்கலாம், ஆனால் மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. பிள்ளையார்மேல் சத்தியமாக இருமமாட்டேன் என்றேன்.

அன்று காலை அவளிடம் சொன்னேன். மூக்குக்குப் பட்டதை எழுது, காமன்ட்ஸுக்குப் போகவேண்டிய தேவையே இருக்காது, இந்தக் கதிரையில் நீ உட்காரலாம் என்று. அவள் குஷனை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். சரி மிஸ் என்றாள்.

மூன்று குப்பிகள். இந்தத் தடவை ஒன்று உண்மையாகவே வேறு. நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து மறைப்பின் இடுக்கால் அவளுடைய கை தெரிந்தது. ஒன்றாம் குப்பியை எடுத்தாள், வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள், வைத்தாள். மூன்றாவதை மூக்குவரை கொண்டுபோகவே இல்லை. மூடியைத் திறந்ததும் புறங்கையால் மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டாள், ஜன்னலில் கோப்பை வைக்கிற மாதிரி. எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. தெரிந்துவிட்டது அவளுக்கு.

பென்சிலை எடுத்தாள். தாளில் வைத்தாள். அப்படியே இருந்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தலையை மெதுவாக நீட்டி என்னைப் பார்த்தாள். நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். தொண்டை அரித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் சேர் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் பென்சில் முனை ஊன்றிய ஒரு புள்ளி மட்டும் இருந்தது. மூன்றாவதைத் தள்ளினாளே, நான் கண்டேனே என்று மன்றாடினேன். தாளில் இல்லாதது நடக்காதது என்று சொல்லிவிட்டு, 'திறன் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அவளைப் பிடித்து உலுக்கினேன். தெரிந்துகொண்டு ஏன்டி எழுதவில்லை என்று கேட்டேன்.

"மிஸ் இருமவே இல்லையே" என்றாள்.

மூன்றே மூன்று இருமல் போதுமாக இருந்திருக்கும். அந்த வேலையில் நான் கடைசிவரை நேர்மையாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

முதலாம் திகதி அவள் காமன்ட்ஸுக்குப் போய்விட்டாள். நான் கதிரையில்தான் இருக்கிறேன், பீப்பாய்களும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. தேத்தண்ணிக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவர் கலவை அறைக் கோப்பையை எந்த நாளும் உள்ளே மேசையில்தான் வைக்கிறார்.